நாகூரில் மொட்டை, வேளாங்கண்ணியில் தென்னங்கன்று: இதற்கு 'நல்லிணக்கம்' என்று பெயர் வைத்தால் போதுமா?

நாகைக்காரன் எழுதியது:

நாகூர் தர்காவின் கந்தூரி விழா வந்தால் போதும், எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே படம், ஒரே வரி. ஐந்து மினாரா, கீழே கூட்டம், 'மத நல்லிணக்கத்தின் அடையாளம்'. நாகையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த வரி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று அது சொல்வதே இல்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், மேற்கே சிக்கல் சிங்காரவேலர். மூன்றையும் ஒரு வேன் பிடித்து ஒரே நாளில் முடித்துவிடலாம். டெல்டாவில் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. நாகூரில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் குளத்தில் முழுக்காட்டுவார்கள். வேளாங்கண்ணியிலும் மொட்டை உண்டு. அங்கே பிள்ளை வரம் கேட்டவர்கள் தொட்டில் கட்டுவார்கள், தென்னங்கன்று கொண்டுவந்து கொடுப்பார்கள், மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் முட்டிபோட்டே போவார்கள்.

காணிக்கைத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நீளத்துக்கு மெல்லிய தகடு, அதில் அச்சு அடித்த ஓர் உருவம். கண் நோய்க்குக் கண், நடக்க முடியாதவருக்குக் கால், கட்டி முடியாத வீட்டுக்கு வீடு. நாகூர் வாசலில் விற்பதும் அதுதான், வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் விற்பதும் அதுதான், முருகன் கோயில் உண்டியலில் விழுவதும் அதுதான். சாமிதான் வேறு, வேண்டுதலின் உருவம் ஒன்று.

நாகூர் மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். 1739 முதல் 1763 வரை ஆண்டவர். பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டார், பிறந்தது, கட்டிக்கொடுத்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். அவருக்கு முன்னால் நாயக்க மன்னரின் நோயை நாகூர் ஆண்டவர், அதாவது தர்காவில் அடங்கியிருக்கும் மகான், தீர்த்ததாகவும் அதற்காகவே இந்த இடம் கிடைத்ததாகவும் சொல்வார்கள். இன்றைக்கும் சந்தனம் பூசும் நாளுக்கான சந்தனக்கட்டையைத் தமிழக அரசு விலையில்லாமல் கொடுக்கிறது.

இதில் எங்காவது 'எல்லா மதமும் ஒன்று' என்று யாராவது சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை. வேண்டினார்கள், கிடைத்தது, கடனைத் தீர்த்தார்கள். இந்தக் கலப்பு கொள்கையால் நிற்பதல்ல. வேண்டுதலாலும், கடனாலும், ஆளுக்கொரு வேலை என்று பிரிந்து கிடக்கும் முறையாலும் நிற்பது. அந்த வேலையும் கடனும் போய்விட்டால் 'நல்லிணக்கம்' என்ற சொல் தனியாக நின்று எதையும் காப்பாற்றாது. இதுதான் என் கருத்து. மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

சாவடித்தெரு எழுதியது:

அண்ணா, வேலைப் பிரிவு என்று நீங்கள் சொன்னதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று.

தஞ்சாவூரை ஒட்டி காசவளநாடு புதூர் என்று ஓர் ஊர். என் அம்மா பிறந்த ஊர். முழுக்க இந்துக்கள் வாழும் ஊர் என்றே சொல்லலாம். அங்கே பெரிய திருவிழா மொகரம்தான். குளம் வெட்டும்போது ஓர் உலோகக் கை கிடைத்ததாகச் சொல்வார்கள். அந்த உள்ளங்கைதான் 'அல்லா சாமி'. முதல் பிறை பார்த்ததிலிருந்து விரதம். கடைசி இரவு பாத்திஹா ஓதி, உள்ளங்கைக்கு மாலை போட்டு வீதியுலா. வீட்டுக்கு வீடு பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருப்பார்கள். பட்டுத்துணி சாத்துவார்கள், தேங்காயும் பானகமும் வைப்பார்கள். விடியும்போது தீமிதி.

கவனிக்க வேண்டியது, யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் அங்கே குழப்பமே கிடையாது. உள்ளங்கையைத் தூக்குவது யார், குண்டத்துக்கு விறகு போடுவது யார், எந்த வீட்டில் முதலில் நிற்கும், எல்லாம் முன்னமே தீர்ந்த விஷயம். சிங்கப்பூர், துபாயில் வேலை பார்க்கிற பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு லீவு போட்டு வருவார்கள். மொகரத்துக்கு வராவிட்டால் அத்தைமார்கள் ஒரு வருஷம் பேச மாட்டார்கள்.

என் அம்மாவிடம் போய் 'நீங்கள் மத நல்லிணக்கம் செய்கிறீர்கள்' என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அவர் சாமி கும்பிடுகிறார். அவ்வளவுதான்.

அபூஸாலிஹ் எழுதியது:

அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும். நானும் நாகூர்ப் பக்கம்தான். என் பாட்டனார் கந்தூரி வேலைகளில் முன்னால் நின்றவர். நான் தர்காவுக்குப் போவதில்லை. ஏன் என்று மரியாதையாகவே சொல்கிறேன்.

இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்பது இஸ்லாத்தின் அடிப்படை. அடக்கம் செய்யப்பட்ட ஒரு நல்லடியாரிடம் பிள்ளை கேட்பது, கபுருக்கு (அடக்கத்தலத்துக்கு) போர்வை சாத்துவது, தகடு போடுவது எல்லாம் எங்கள் பார்வையில் ஷிர்க், இறைவனுக்கு இணைவைப்பது. தமிழகத்தில் 1980-களிலிருந்து இதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பேசினாலே 'நல்லிணக்கத்தைக் கெடுக்கிறவன்' என்ற பட்டம் கிடைக்கிறது. இது நியாயமா?

என் கேள்வி இதுதான். நான் என் மார்க்கத்தைச் சுத்தமாகப் பின்பற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதனால் என்ன நஷ்டம்? அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறேன், சாவுக்குப் போகிறேன். என் ரத்தம் அவர் தங்கை உடம்பில் ஓடுகிறது. அவர் கொடுக்கும் பிரசாதத்தை 'வேண்டாம் மாமா' என்று சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்துவிடுவார், வேறு ஏதாவது சாப்பிடத் தருவார். ஒன்றாகக் கும்பிட்டால்தான் ஒற்றுமை என்றால், கும்பிடாத என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் (ஊர் முஸ்லிம் அமைப்பு) செய்ததை நினைவுபடுத்துகிறேன். கடலோர மீனவ மக்களைக் கல்யாண மண்டபங்களில் தங்க வைத்துச் சோறு போட்டார்கள். சடலங்களைத் தூக்கினார்கள். அதற்கு யாரும் யாருடைய சாமியையும் கும்பிட வேண்டியிருக்கவில்லை.

சாவடித்தெரு எழுதியது:

பாய், உங்கள் மாமா கதை பிடித்திருந்தது. உங்களைச் சேர்க்காத கணக்கு எங்களுக்கும் வேண்டாம்.

தேர்வடம் எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோரும் மதத்துக்கும் மதத்துக்கும் நடுவில் உள்ள உறவைப் பேசுகிறீர்கள். மதத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நான் தலித் கத்தோலிக்கன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மாதா கோயில் தேர்த்திருவிழா மிகப் பிரபலம். இந்துக்கள் வருவார்கள். கொடிக்கயிறுக்கு இன்ன சாதி, தேருக்கு முதல் வடம் இன்ன சாதி, மாதாவுக்குப் புடவை இன்ன வீடு. வருகிற இந்துப் பெரியவருக்குப் பரிவட்டம்கூட உண்டு. அந்த மாதா கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்ற எங்கள் தெருவுக்குள் மட்டும் தேர் வராது. முனையில் திரும்பிவிடும். நாங்கள் முனைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

நாகைக்காரன் அண்ணா, 'ஆளுக்கொரு வேலை என்று பிரிந்து கிடக்கும் முறை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையின் மறுபெயர் என்ன என்று எனக்குத் தெரியும். ஏறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? ஒரே சபை, ஒரே பலிபூசை. தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதில் மோதல் வந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிறது. செத்தவர்களைச் சாதியாகப் பிரிக்கும் சுவர். ஒரு தர்காவுக்கு இந்து மன்னர் மினாரா கட்டியது பெரிய விஷயம்தான். எங்கள் தெருவுக்குள் ஒரு தேர் வருவது அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு.

வேறு மதத்தவரை வரவேற்பது இங்கே சுலபம். அவர் இன்றைக்கு வந்து நாளைக்குப் போய்விடுவார், எந்தப் பங்கும் கேட்க மாட்டார். பங்கு கேட்கிறவன் நான்தான்.

நாகைக்காரன் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். கடைசி இரண்டு வரியை யாரும் சுற்றி வளைத்துத் தாண்டிப் போகக் கூடாது.

முறை இருப்பதால் கலப்பு நிற்கிறது என்று சொன்னேன். அதே முறைதான் உங்கள் தெருவையும் வெளியே நிறுத்துகிறது என்பது உண்மை. இரண்டும் ஒரே கயிற்றால் கட்டியிருக்கிறது. முறையை வைத்துக்கொண்டு அதில் யாருக்குப் பங்கு என்பதை மாற்ற முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். கோயில் நுழைவு அப்படித்தான் வந்தது. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித்துகளை அழைத்துக்கொண்டு போனபோது பூசையும் விழாவும் நின்று போய்விடவில்லை, உள்ளே நிற்பவர்கள் மாறினார்கள். உங்கள் தேர் தானாக வரும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதற்கு ஊரில் இருப்பவர்கள் சண்டை போட வேண்டும். 'இங்கே எல்லா மதத்தவரும் வருகிறார்கள்' என்ற பெருமைப் பேச்சு அந்தச் சண்டையை மூடி மறைக்கக் கூடாது. இதில் நான் உங்கள் பக்கம்.

அபூஸாலிஹ் பாய்க்கு ஒரு வார்த்தை. உங்கள் வழிபாட்டைப் பற்றி எனக்குப் பேச உரிமை இல்லை. நீங்கள் சொன்ன அண்டைவீட்டு உறவும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வியாழக்கிழமை இரவு நாகூர் தர்கா முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாற்று நடுகிற பெண்கள். யாரும் அழைக்காமல், யாரையும் தெரிந்திருக்காமல், முஸ்லிம்களுடைய ஓர் இடத்தில் உரிமையோடு பாய் விரித்துப் படுக்கிறார்கள். அந்த உரிமையை ரத்ததானமோ கல்யாண அழைப்போ தருமா? டெல்டாவின் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் எத்தனை பக்கிரிசாமி, எத்தனை நாகூரான்! எல்லாம் இந்துக் குடும்பங்கள். பிள்ளை தங்கினால் உன் பெயர் வைக்கிறேன் என்று நேர்ந்து வைத்தவை.

தெலுக்காயர் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கடலை யாருமே பேசவில்லையே!

இங்கே தெலுக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-லிருந்து 1830-க்குள் கட்டியது. அடக்கத்தலம் கிடையாது, நாகூரை நினைத்துக் கட்டியது மட்டும்தான். அதே தெருவில் சில அடி தள்ளி தியன் ஹோக் கெங், சீனர்களின் மாசூ அம்மன் கோயில். மாசூ கடலில் போகிறவர்களைக் காக்கும் தெய்வம். இப்போது அந்தத் தெருவிலிருந்து கடல் தெரியாது, நிலத்தைத் தூர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் கரை. கப்பலிலிருந்து இறங்கியதும் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவரவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

இப்போது நாகூர்க் கதையை நினைத்துப் பாருங்கள். சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டவர் கண்ணாடியை விட்டெறிந்தார், நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலில் அது போய் அடைத்துக்கொண்டது. வேளாங்கண்ணிக் கதையும் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரைசேர்ந்து கோயில் கட்டியதுதான். கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வருவது சும்மா இல்லை. கடலில் போகிறவனுக்கு எந்தத் தெய்வமும் அந்நியம் இல்லை. கரையில் நின்று பேசுகிற நமக்குத்தான் இத்தனை பாகுபாடு. நாகைக்காரன் சொன்ன 'கடன்' என்பதற்கு முன்னால் பயம் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்குள்ள தர்கா 1974-ல் தேசியச் சின்னமானது. 2011-லிருந்து இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. நன்றாகப் பராமரிக்கிறார்கள். ஆனால் நேர்ந்துகொண்டு வருகிறவர்களை விடப் பார்க்க வருகிறவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கடனும் வேலையும் போய்விட்டால் 'நல்லிணக்கம்' என்ற சொல் தனியாக நிற்காது என்று நாகைக்காரன் எழுதியிருந்தார். வேண்டுதல் போனால் ஒருவகையில் இதுதான் மிஞ்சும்.

வார்டுசெவிலி எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். பயம் என்று மேலே ஒருவர் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் நோயாளியின் குடும்பத்தைக் கேட்டால் அவர்கள் வந்த பாதையை ஒப்பிப்பார்கள். முதலில் குணசீலம் பெருமாள் கோயிலில் தங்கினோம். பிறகு புளியம்பட்டி அந்தோணியார் கோயில். அப்புறம் ஏர்வாடி தர்கா. எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி. இந்துவும் அதே பாதை, கிறிஸ்தவரும் அதே பாதை, முஸ்லிமும் அதே பாதை. நீங்கள் சொல்லும் கலப்பு இதைவிடச் சுத்தமாக வேறெங்கும் இருக்காது. இதை நான் கொண்டாட மாட்டேன். வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் அவரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது கோயிலும் தர்காவும் சர்ச்சும்தான். மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால்தான் அந்தப் பாதை உண்டானது.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அதில் எல்லா மதத்தவரும் இருந்திருப்பார்கள். அந்தக் கூரையின் கீழும் ஒற்றுமைதான்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏர்வாடியிலேயே மருந்தும் துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து நடக்கும்படி தர்கா வளாகத்தில் மனநல மருத்துவர் பார்க்கும் ஏற்பாடு வந்தது. குணசீலத்திலும் மனநல மறுவாழ்வு மையம் வந்தது. 'சாமியிடம் போகாதே' என்று சொன்னால் குடும்பம் எங்களை விட்டுப் போய்விடும். 'சாமி பக்கத்திலேயே மாத்திரையும் இருக்கிறது' என்றால் போடுவார்கள். வேண்டுதலை நான் மதிக்கிறேன். சங்கிலியை ஒருநாளும் மதிக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனை எழுதியது:

வணக்கம், கொழும்பிலிருந்து. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சேர்க்காமல் இந்தக் கதை முழுமையாகாது.

செவ்வாய்க்கிழமைகளில் போனால் உள்ளுக்கு நிற்கிற சனத்தில் யார் எந்தச் சமயம் என்று சொல்ல ஏலாது. சிங்களப் பௌத்தர், தமிழ்ச் சைவர், முஸ்லிம்கள், எல்லாரும் மெழுகுதிரியோடு வரிசை. எங்கட வீடு சைவ வீடு. பரீட்சை எண்டால் அம்மா முதலில் பிள்ளையார், பிறகு அந்தோனியார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அந்தக் கோயிலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் வெவ்வேறு இடங்களில் 250-க்கும் மேற்பட்ட ஆட்கள் செத்தார்கள். அடுத்த கிழமைகளில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் மாதம் கோயில் திரும்பத் திறந்தது. சனம் திரும்பி வந்தது, பௌத்தரும் சைவரும் அதே மாதிரி. எங்கட ஒழுங்கையில் இருந்த முஸ்லிம் அன்ரி ஒருவர் முந்தி செவ்வாயில் எங்களோடு வருவார். அதுக்குப் பிறகு வாசலில் பையைச் சோதிப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள் என்று வரப் பயந்தார். ஒருவரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரும் 'வாங்கோ' என்று சொல்லவுமில்லை. இந்தக் கலப்பு பல தலைமுறையாக இருக்கிறது என்று நம்பி இருப்பது போதாது எண்டதுக்காக எழுதுகிறேன்.

அபூஸாலிஹ் எழுதியது:

கொட்டாஞ்சேனைச் சகோதரிக்கு: அந்த அன்ரிக்கு நடந்ததைப் படிக்கும்போது மனது கனக்கிறது. குண்டு வைத்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். அவர்களை நாங்கள் எங்களில் ஒருவராக எண்ணவில்லை என்பதை உரக்கச் சொல்ல வேண்டியது என் போன்றவர்களின் கடமை, ஏனென்றால் 'சுத்தமான மார்க்கம்' என்று பேசுகிறவர்கள் நாங்கள்.

நாகைக்காரன், தர்கா முற்றத்து உரிமை பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இப்போது பல ஊர்களில் பள்ளிவாசலைத் திறந்து வைத்து எல்லோரையும் அழைக்கிறார்கள். ஆனால் அழைப்பு வேறு, அழைக்காமலே வந்து உட்காரும் உரிமை வேறு. அது உண்மை. அந்த நடவுப் பெண்கள் எங்கள் பள்ளிக்கு அப்படி வர மாட்டார்கள். இதை எப்படிச் சரிசெய்வது என்று எங்கள் ஜமாஅத்தில் பேசுவேன். தர்காவைப் பற்றிய என் நிலை மாறாது.

இன்னொன்று. தர்காவை எதிர்ப்பவர்கள் என்று எங்களை மட்டும் சொல்லாதீர்கள். 'கபுரில் இந்துவுக்கு என்ன வேலை' என்று மறுபக்கத்திலும் எழுதுகிறார்கள். 2025-ல் மலையை வைத்து நடந்த சண்டையில் திருப்பரங்குன்றம் என்ன பாடுபட்டது என்று பார்த்தோம். மலை அடிவாரத்தில் முருகன், மேலே சிக்கந்தர் தர்கா. மதுரைக்காரர்கள் இரண்டுக்கும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தேர்வடம் எழுதியது:

பாய், உங்களோடு எனக்குப் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. ஆனால் உங்கள் பள்ளிவாசல் வரிசையில் யாருக்கு எந்த இடம் என்று சாதி பார்த்து நிறுத்துவதில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

கீழத்தெருப்பையன் எழுதியது:

வார்டுசெவிலி அக்கா, என் அண்ணனை ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொல்லி வீட்டில் பேச்சு நடக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டுப் போனால்தான் பலிக்கும் என்று ஒரு உறவினர் சொல்கிறார். என்ன செய்வது?

வார்டுசெவிலி எழுதியது:

தம்பி, மருந்தை நிறுத்தவே கூடாது. சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரலாம். போவதானால் மாத்திரையையும் மருத்துவச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே மனநல மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். எந்த விடுதியிலும் அண்ணனைத் தனியாக விடாதீர்கள், யாராவது ஒருவர் கூடவே இருங்கள். கட்டி வைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். இப்போதே பேச வேண்டுமானால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், ஏனென்றால் நேர்ந்துகொண்டது அவராகத்தான் இருக்கும்.